கழுவி வைத்த அஞ்சனக்கல்

தைலம்மாளுக்குச் சீடர்கள் என்று யாரும் கிடையாது. பொன்னுரங்கம் மட்டும் இருந்தார். அவரும் கூப்பிட்டு வந்தவரல்ல, தானாக வந்து ஒட்டிக்கொண்டவர். வயதிலும் அம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு மூத்தவர். ஆகையால் குரு சீடரை "அண்ணே" என்பார், சீடர் குருவை "அம்மா" என்பார். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

இருந்த இடமும் மடம் என்று சொல்லும்படி இருக்காது. அந்த மலையில், மைக்கு அரைக்கிற அஞ்சனக்கல் வெட்டியெடுத்த சுரங்கம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. அதன் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. சுரங்கம் ஓடிய காலத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கல் பொறுக்கிய கொட்டகை அது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்த தைலம்மாள் அங்கேதான் குடியிருந்தார். எதற்கு வந்தார் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மனசு சரியில்லை என்று வருகிறவர்களோடு அம்மா இரண்டு வார்த்தை பேசுவார். சிலரோடு அதுவும் பேசமாட்டார். ஆனாலும் வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அவ்வளவுதான் அவருடைய மகிமை, அதற்குமேல் நான் ஏற்றிச் சொல்ல விரும்பவில்லை.

பொன்னுரங்கத்துக்கு அந்த மலை புதிதல்ல. மீசை அரும்பிய வயதில் அதே சுரங்கத்தில் பாறையில் துளை போடும் வேலைக்குச் சேர்ந்தவர். வெளிநாட்டுக் கல் மலிவாக வருகிறது என்று சொல்லிச் சுரங்கத்தை மூடிய பிறகும் அடிவாரத்தை விட்டுப் போகாமல் வெகுகாலம் இருந்தார். முழங்கால் ஓய்ந்ததும் மகள் திருப்பூருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அங்கே பேரப்பிள்ளைகளும் டிவியும் பனியன் கம்பெனி இரைச்சலுமாக வருஷங்கள் போயின. ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். கொட்டகையைக் கூட்டினார், தண்ணீர் தூக்கினார், ரசம் வைத்தார். ரசம் நன்றாக இருந்ததால் அம்மாவும் போகச் சொல்லவில்லை.

அவரிடம் ஒரே ஒரு தொந்தரவு, அஞ்சனக்கல்லைப் பற்றி ஆரம்பித்தால் வாய் ஓயாது. "பாக்கத்தான் இரும்பு மாதிரி இருக்கும்மா, நகத்தால கீறினா கோடு விழும். சின்னச் சில்லா எடுத்து மெழுகுவத்தியில காட்டுனா வெல்லம் மாதிரி இளகிரும். ஈயக்கல்லு அப்படி லேசுல இளகாது. புதுசா வர்ற பயலுக்கெல்லாம் இந்த வித்தையைக் காட்டித்தான் வாயைப் பிளக்க வைப்போம்" என்பார். பேட்டரித் தகட்டிலும் தீப்பெட்டியிலும் இந்தக் கல்லின் சத்து இருக்கிறது என்பார். பத்திரிகை அடிக்கிற அச்சாபீஸ் ஈய எழுத்தில் இது கலந்திருப்பதால் ஊரில் நடந்த கல்யாணமெல்லாம் தன்னால் நடந்தது என்கிற மாதிரி பேசுவார். அம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்வார்.

ஒரு நாள் மத்தியானம் ரசத்தில் உப்பு இல்லை.

"என்ன அண்ணே, உப்பு தீந்துபோச்சா?"

"இருக்கும்மா."

"அப்ப?"

பொன்னுரங்கம் கரண்டியை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். "செண்பகத்தோட முகம் எனக்கு வரமாட்டேங்குது" என்றார்.

செண்பகம் அவர் மனைவி. இதே கொட்டகையில் கல் பொறுக்கியவர். சுரங்கம் மூடுவதற்கு முன்னாலேயே மஞ்சள் காமாலையில் போய்விட்டார்.

"கொஞ்ச நாளாவே இப்படித்தான். சேலைக் கலர் வருது, நடை வருது. ஏங்கன்னு கூப்பிடுற குரல்கூட வருது. முகம் இருக்கவேண்டிய இடத்துல மட்டும் ஒண்ணுமில்ல. வெறும் புகையா இருக்கு."

"படம் ஏதும் இல்லையா?"

"திருவிழாவுல எடுத்தது ஒண்ணு இருந்துச்சு. வீடு ஒழுகினப்ப அதுவும் ஊறிப்போச்சு. சரி, மகளைப் பாத்தாலாவது ஞாபகம் வரும்னு பாத்தா, அவ என்னையே உரிச்சு வச்சிருக்கா. மீசை ஒண்ணுதான் இல்ல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் காலம் வந்துகிட்டிருக்கு. நாளைக்கு அங்க போய் எப்படிம்மா நிப்பேன்? அவளே எதிர்ல வந்து நின்னாலும், யாரும்மா நீன்னு கேட்டுருவேனோன்னு பயமா இருக்கு."

அம்மா தட்டை ஒதுக்கி வைத்தார்.

"சந்தையில மை போட்டுப் பாக்குறவர் ஒருத்தர்கிட்ட கேட்டேன்" என்றார் பொன்னுரங்கம். "வெத்தலையில மையைத் தடவி உத்துப் பாத்தா தொலைஞ்சது எல்லாம் தெரியுமாம். ஆனா கடையில விக்கிற மை ஆகாதாம். வெயில் படாத அஞ்சனக்கல்லு வேணுமாம். அதைக் குருவோட கையால அரைக்கணுமாம்."

"எனக்கு மை வேலையெல்லாம் தெரியாதே அண்ணே."

"அரைக்கத் தெரியுமில்ல?"

"அது தெரியும்."

"நீங்க அரைச்சுக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மையாவது மாயமாவது என்று அம்மா அதட்டுவார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். பொன்னுரங்கமும் அதைத்தான் எதிர்பார்த்தார், பதில்கூட யோசித்து வைத்திருந்தார். அம்மா அதட்டவில்லை.

"கல்லு எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"உள்ள ஒரு பொந்து இருக்கும்மா. எனக்கும் செண்பகத்துக்கும் மட்டும் தெரிஞ்ச இடம். உலகத்துல அது மாதிரி கல்லு கிடையாது."

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் இரண்டு பேரும் சுரங்கத்துக்குள் போனார்கள். பொன்னுரங்கம் ஒரு கையில் மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டார், மறு கையில் கடப்பாரை. இடுப்பில் சுத்தியலைச் செருகியிருந்தார். அம்மாவிடம் டார்ச் லைட்.

"டார்ச்சு இருக்கே, மெழுகுவத்தி எதுக்கு?"

"டார்ச்சு வெளிச்சம் காட்டும். இது காத்து நல்ல காத்தான்னு காட்டும். சுடர் மங்குச்சுன்னா ஒரு வார்த்தை பேசாம திரும்பிரணும்."

கொட்டகையில் தரையிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கிற மனுஷன், சுரங்கத்துக்குள் கால் வைத்ததும் வேறு ஆளாகிவிட்டார். நாலடிக்கு ஒரு தரம் நின்று கடப்பாரையால் கூரையைத் தட்டினார். கணீரென்று கேட்டால் நடந்தார். ஓரிடத்தில் பொத்தென்று கேட்டது. கடப்பாரையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அம்மாவைக் கையைப் பிடித்து மறு சுவரோரமாக அழைத்துப் போனார். அங்கே கொஞ்ச நேரம் சீடர்தான் குரு.

வாசலில் செம்மண். கொஞ்சம் உள்ளே போனதும் துருப்பிடித்தாற்போல் பழுப்புப் பாறை, கையால் உதிர்க்கலாம். அதையும் தாண்டினால் அடுக்கடுக்காகப் பிரியும் கறுப்புப் பாறை, டார்ச் பட்ட இடமெல்லாம் காக்காப்பொன் மினுக்கியது. சுவரில் தண்ணீர் கசிந்து வழிந்தது.

"இந்தத் தண்ணியை வாயில வச்சிராதீங்க. பாஷாணம் கலந்திருக்கும்" என்றார் பொன்னுரங்கம். பிறகு டார்ச்சை வாங்கிப் பக்கச் சுவரில் அடித்தார். கறுப்புப் பாறையைக் கிழித்துக்கொண்டு ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைக்கல் பட்டை சாய்வாக ஓடியது. அதன் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

"இதுதான் ஓட்டம். இந்தச் சாம்பல் கோடுதான் எங்களுக்குச் சோறு போட்டது."

"பாறைக்குள்ள எப்படி அண்ணே வந்துச்சு?"

"அந்தக் காலத்துல மலை வெடிச்சிருக்கு. அந்த வெடிப்புல கீழேயிருந்து கொதிக்கிற தண்ணி ஏறியிருக்கு. வெள்ளைக்கல்லையும் அஞ்சனத்தையும் கரைச்சு எடுத்துக்கிட்டு வந்து, சூடு ஆறினதும் இறக்கி வச்சிட்டுப் போயிருச்சு. எங்க எஞ்சினியர் சொன்னார். நான் நம்பல. தண்ணியில கல்லு கரையுமா, நம்மகிட்ட கதை விடுறார்னு நினைச்சேன்."

"அப்புறம் எப்ப நம்புனீங்க?"

"அந்தப் பொந்தைப் பாத்தப்ப."

நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு நாள் வெடி வைத்துப் புகை அடங்கியதும் முதல் ஆளாக உள்ளே போனார். சுவரில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை திறந்திருந்தது. வெடிப்பு முழுசும் அடைபடாமல் நின்றுபோன இடம் அது. உள்ளே அஞ்சனக்கல் குச்சி குச்சியாக, தென்னை விளக்குமாற்றைத் தலைகீழாக நட்டு வைத்தது போல வளர்ந்திருந்தது. அப்படிப் பொந்து கிடைத்தால் மேனேஜருக்குச் சொல்லவேண்டும். அவர் அதைப் பெயர்த்து யாராவது பெரிய மனிதரின் மேஜைக்கு அனுப்பிவிடுவார். பொன்னுரங்கம் சொல்லவில்லை. சில்லுக் கற்களை அள்ளிப் பொந்தின் வாயை அடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி வேலைக்குத் திரும்பினார்.

"செண்பகத்துக்கு எப்படித் தெரிஞ்சுது? பொம்பளைங்க உள்ள வரக்கூடாதுன்னு சொல்வாங்களே?"

"ஆயுத பூஜை அன்னைக்கு மட்டும் வரலாம்மா. அன்னைக்கு வெடி கிடையாது, வேலை கிடையாது. வாசல்ல எலுமிச்சங்காய் நறுக்கிக் குங்குமம் தடவி, அவங்கவங்க புருஷன் வேலை செய்ற இடத்தைப் பாக்கக் கூட்டிட்டு வருவோம். ஒவ்வொருத்தியும் கையில பூஜைச் சொம்போட வருவா. வந்து பாத்துட்டுச் சில பேர் அழுவாங்க. இவ்வளவு இருட்டுலயா வேலை செய்றீங்கன்னு."

"செண்பகம் அழுதாங்களா?"

"அவளா? இங்க என்ன, ஜிலுஜிலுன்னு சுகமாத்தான் இருக்கீங்க, வெயில்ல கிடந்து வேகுறது நாங்கதான்னு சண்டைக்கு வந்துட்டா."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு சுரங்கத்துக்குள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தது. சண்டை போட்டபோது செண்பகம் தலையை எந்தப் பக்கம் சாய்த்தாள் என்பதுகூட நினைவிருந்தது. முகத்தைத் தேடினார். புகைதான் இருந்தது.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடது பக்கம் திரும்பி, கையால் சுவரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். டார்ச்சைக்கூடக் கேட்கவில்லை. மெழுகுவத்தியைத் தரையில் ஊன்றிவிட்டு, அடைத்து வைத்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். கடைசிக் கல்லை எடுத்துவிட்டு விலகி நின்றார்.

"பாருங்கம்மா."

அம்மா டார்ச்சை உள்ளே காட்டினார். பிறகு அதை அவரிடம் கொடுத்தார்.

குச்சிகள் இருந்தன. கட்டுக் கட்டாக, அவர் சொன்னபடியே, ஒன்று பாக்கியில்லாமல் இருந்தன. எல்லாம் மஞ்சள். பளபளப்பு என்பது மருந்துக்குக்கூட இல்லை. காய்ந்த களிமண் மாதிரி மங்கலாக, அழுக்கு மஞ்சளாக நின்றன. பொன்னுரங்கம் ஒன்றைத் தொட்டார். நுனி பொடிந்து விரலில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டது.

விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவனோ வந்து நல்ல கல்லை எடுத்துக்கிட்டு, இந்த மஞ்சக் கல்லை வச்சிட்டுப் போயிட்டான்" என்றார்.

"இத்தனை குச்சியையும் ஒவ்வொண்ணா, அதே சாய்வுல நட்டு வச்சிட்டா அண்ணே போனான்?"

பொன்னுரங்கம் மறுபடியும் உள்ளே பார்த்தார். நடுவில் இருந்த நீளக் குச்சி, அதன்மேல் குறுக்கே சாய்ந்திருந்த ஒல்லிக் குச்சி, மூலையில் ஒடிந்து நின்ற கட்டை, எல்லாம் அவருக்குத் தெரிந்தவை. உருவம் அதேதான். உள்ளே இருந்த சரக்குதான் மாறியிருந்தது.

"நடுவுல திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டார் அம்மா.

"பாக்காம? செண்பகம் போன பிறகு, மனசு கேக்கலைன்னா இங்கதான் வருவேன். திருப்பூர் போற வரைக்கும் வந்தேன். எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது."

"வந்து?"

"கல்லையெல்லாம் எடுத்துட்டு, கழுவுவேன்."

"கழுவுவீங்களா?"

"கழுவாம எப்படிம்மா? கொட்டகையில பொம்பளைங்க எப்படிக் கல்லுப் பொறுக்குவாங்க? வெறும் கல்லைப் பாத்தா எல்லாம் ஒரே தூசிதான். பக்கத்துல இருக்கிற வாளித் தண்ணியில முக்கி எடுத்தாத்தான் அஞ்சனம் பளிச்சுன்னு வேறயாத் தெரியும். செண்பகம் அன்னைக்கு இங்க வந்ததும் அதைத்தான் செஞ்சா. வெடிப் புகை படிஞ்சிருந்துச்சு. என்னங்க இப்படி அழுக்கா வச்சிருக்கீங்கன்னு சொல்லி, பூஜைச் சொம்புத் தண்ணியை அப்படியே மேல ஊத்திட்டா. ஊத்தினதும் பொந்து முழுக்க ஜொலிச்சுது. அவ கையைத் தட்டிக்கிட்டு நின்னா."

அவர் குரல் தாழ்ந்தது.

"அதனால நானும் ஒவ்வொரு தடவையும் சுவர்ல ஒழுகுற தண்ணியைப் பிடிச்சு ஊத்துவேன். துண்டு முனையால ஒத்தி எடுப்பேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு அடைச்சிட்டுப் போவேன். போகப்போகக் கொஞ்சம் மங்கின மாதிரி இருக்கும். விளக்குப் புகை பட்டிருக்கும்னு இன்னும் ரெண்டு சொம்பு ஊத்துவேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

கொட்டகைக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த கழிவுக் கல்லை அவர் எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறார். மழையில் நனைந்து காற்றில் காய்ந்து, நனைந்து காய்ந்து, சாம்பல் கல் மஞ்சள் பூத்துப் போவதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழிவுக் கல்லுக்கு உள்ள நியாயம் தன் கல்லுக்கும் உண்டு என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

"நான்தானா?" என்றார்.

அம்மா அவர் விரலில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார்.

"நானேதான் அழிச்சிருக்கேன். அடைச்சு வச்சிட்டு அந்தப் பக்கமே போகாம இருந்திருக்கலாம். தொட்டுத் தொட்டு, கழுவிக் கழுவி..." அவர் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். "அவ முகத்தையும் இப்படித்தாம்மா செஞ்சேன். திருப்பூர்ல எனக்கு வேற என்ன வேலை? விடிஞ்சா எடுத்து வச்சுக்குவேன். தூக்கம் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே கிடப்பேன். பாத்துப் பாத்தே தேச்சுட்டேன்."

வயதான மனுஷன் வாய்விட்டு அழுதார். அம்மா அவரை அழ விட்டார். மெழுகுவத்தி ஒரு விரல் அளவு குறைந்தது.

பிறகு அம்மா, "அண்ணே, காத்தே படாத கல்லு எங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"எங்க இருக்கும்? ஓட்டத்துக்கு உள்ளதான்."

"ஒண்ணு உடைங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டார்ச்சை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். பக்கத்திலேயே வெள்ளைக்கல் பட்டை பருத்திருந்த இடம் ஒன்று இருந்தது. தட்டிப் பார்த்தார், இன்னொரு பக்கம் தட்டிப் பார்த்தார், பிறகு சுத்தியலை ஓங்கி ஒரே அடி. கந்தக வாடை குப்பென்று வந்தது. கையளவு கல் ஒன்று பெயர்ந்து விழுந்தது.

அம்மா அதை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் திருப்பினார். உடைந்த முகம் சாணை பிடித்த கத்தி மாதிரி ஜொலித்தது. மலை உண்டான காலத்திலிருந்து அதை யாரும் பார்த்ததில்லை.

"சந்தைக்காரர் சொன்ன கல்லு இதுதானே? வெயில் படல, காத்துப் படல, ஒருத்தர் கையும் படல. வாங்க, போய் அரைச்சுத் தர்றேன்."

பொன்னுரங்கம் கல்லைக் கையில் வாங்கினார். சுரங்கத்தில் அவ்வளவு காலம் வேலை பார்த்தவர், நல்ல கல்லை எடை போடத் தெரியாதவரா? முதல் தரமான கல். இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். மனசில் ஒன்றுமே வரவில்லை.

"நல்ல கல்லும்மா" என்றார்.

"அரைக்கலாமா?"

"வேண்டாம்."

"ஏன் அண்ணே?"

"இதைச் செண்பகம் பாத்ததே இல்லையே."

கல்லைத் தரையில் வைத்துவிட்டுப் பொந்தின் பக்கம் போனார். மஞ்சள் குச்சிகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே வைத்திருந்த கற்களில் ஒன்றை எடுத்தார், அடைக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாமச் சொல்லுங்க. நான் திறக்காம, கழுவாம இருந்திருந்தா, இதுவும் அந்தக் கல்லு மாதிரி அப்படியே இருந்திருக்குமில்ல?"

"இருந்திருக்கும் அண்ணே" என்றார் அம்மா. "அந்தக் கல்லு மாதிரியே. பளபளன்னு, யாரோ மாதிரி."